வெறும் வயித்தோட போகல

டாக்டரம்மா போன் பண்ணும்போது நான் அடுப்புல புளிக்குழம்பக் கொதிக்க விட்டுட்டு நின்னுக்கிட்டிருந்தேன். எடுத்த எடுப்புலயே, "மஞ்சு அக்கா, அண்ணாச்சி பக்கத்துல இருக்காங்களா?"ன்னு கேட்டாவ. இல்ல, வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருக்காவன்னேன்.

"அப்ப கேளுங்க. திங்கக்கிழமை தோட்டத்துல புதுசா சேந்த ஆளுகளுக்கும் சுத்துவட்டாரத் தோப்புக்காரங்களுக்கும் நான் வகுப்பு எடுக்கேன். மிருகத்துக்கு மயக்க ஊசி போடும்போது என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு எல்லாம் சொல்லணும். அந்த ஒரு விஷயத்தச் சொல்லாம விட முடியாதுக்கா. அண்ணாச்சி அங்கன இல்லாமப் பாத்துக்கோங்க."

பாத்துக்கோங்கன்னு சொல்லுதது சுலபம். நாப்பத்தொம்பது வயசு ஆளக் கட்டிலோட சேத்துக் கட்டியா போட முடியும்? போன வெச்சுட்டுத் திரும்பிப் பாத்தா குழம்பு அடிப்பிடிச்சு வீடெல்லாம் புகை. குளிச்சுட்டு வந்த மனுசன், "என்னட்டி, குழம்பத் தீய விட்டுட்டு யாருகூட வாயடிச்ச?"ன்னு கேட்டாவ. என் தங்கச்சின்னு சொன்னேன்.

விஷயத்த மறைக்காமச் சொல்லிருதேன். எங்க வீட்டுக்காரர் பேரு குற்றாலீஸ்வரன். மேலகரத்துல ஈஸ்வரன்னா சின்னப்பிள்ளைக்கும் தெரியும். குற்றாலத்துக்குப் போற வழியில உள்ள மிருகத்தோட்டத்துல வேலை. அங்கன வெள்ளையம்மான்னு ஒரு கரடிய அவிய குட்டியில இருந்து வளத்தாவ. போன வருசம் அவ செத்துப்போனா. வயசாகி, நெஞ்சு தாங்காமச் செத்தான்னு அவிய நம்பிக்கிட்டிருக்காவ. அது நெசம் இல்ல. அவிய ஆசையா ஊட்டி விட்டதுதான் அவளக் கொன்னுச்சு. அது எனக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும். அவியளுக்குத் தெரிஞ்சா அந்த மனுசன் பொறவு எந்திரிச்சு நடமாடுவாவளான்னு எனக்குப் பயம். ஒரு வருசமா இந்தப் பயத்த வயித்துல கட்டிக்கிட்டுத்தான் நான் சோறு பொங்குதேன்.

அந்தத் தோட்டத்தப் பத்தியும் சொல்லணும். எங்க மாமனார் காலத்துல சிவனணைந்தபெருமாள்னு ஒரு பண்ணையார் இருந்திருக்காவ. சாரல் சீசனுக்கு வெளியூர்ல இருந்து வார சேக்காளிகளுக்குக் காட்டுததுக்குன்னு தோப்புக்குள்ள மானும் மயிலும் வாங்கி விட்டிருக்காவ. மானுக்கு அப்புறம் மலைப்பாம்பு, மலைப்பாம்புக்கு அப்புறம் கொரங்கு. அந்தச் சமயம் தென்காசியில கூடாரம் அடிச்ச ஒரு சர்க்கஸ் நொடிஞ்சுபோச்சு. சர்க்கஸ்காரன் போற வழியில சிங்கத்தப் பண்ணையார் தலையில கட்டிட்டுப் போயிட்டான். பண்ணையாரும் மூடிக்கிடந்த அரிசி மில்லுல இருந்து இரும்புக் கம்பியப் பிடுங்கிட்டு வந்து கூண்டு அடிச்சாவ. அருவியில குளிச்சுட்டு ஈரத்தலையோட ஜனம் வந்து சிங்கத்தப் பாத்துட்டுப் போகும். அது கெர்ச்சிச்சா மேலகரம் வரைக்கும் கேக்கும். நான் கல்யாணமாகி வந்த புதுசுல அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு அழுதுருக்கேன். "அது பசிக்குக் கத்துது, நீ எதுக்கு அழுத?"ன்னு இவுக சிரிச்சாவ.

இவுக முதல்ல அங்கன தண்ணி சுமக்கத்தான் போனாவ. பண்ணையார் போய்ச் சேந்ததும் மக்கமாரெல்லாம் சென்னை, பெங்களூருன்னு இருந்துக்கிட்டாவ. தோட்டம் ஊர்ப் பெரிய மனுசங்க கமிட்டி கைக்கு வந்துச்சு. அதுக்குள்ள இவுக தண்ணி சுமக்கதுல இருந்து கூண்டு கழுவி, கூண்டு கழுவுததுல இருந்து தீனி போடுத ஆளா ஆயிட்டாவ. படிப்பு பெருசா கிடையாது. கோவமும் கிடையாது. அந்தக் கோவத்தையும் சேத்து நானே வெச்சிருக்கேன்னு என் அண்ணன் கேலி பண்ணுவான்.

எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு குணம் உண்டு. யாரையும் வெறும் வயித்தோட வாசல் தாண்ட விட மாட்டாவ. கரண்டு மீட்டர் பாக்க வந்த பையனக் கையப் பிடிச்சு உக்காத்தி வெச்சு இட்லி போடச் சொல்லுவாவ. பொண்ணு பாக்க வந்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டுப் போன குடும்பத்துக்குக் கூட, "சாப்பிட்டுட்டுப் போங்க, அது வேற இது வேற"ன்னு எல போட வெச்சாவ. எனக்கு வந்த ஆங்காரத்துல ரசத்துல உப்பப் போடாம விட்டேன். தோட்டத்துலயும் இதே கதைதான். அங்க இருந்து எந்த உசுரு கிளம்பினாலும் அவிய கையால ஒரு வாய் தின்னுட்டுத்தான் கிளம்பணும். மான்கள வேற ஊருக்கு ஏத்தும்போது ஒவ்வொண்ணுக்கும் அகத்திக்கீரை ஊட்டிவிட்டாவ. கொரங்குகளக் காட்டுல விடப் போனப்ப நிலக்கடலை. பாம்புக்கு மட்டும் என்ன பண்ணனு தெரியாம, அதப் பிடிக்க வந்தவனுக்குக் காப்பி வாங்கிக் குடுத்தாவ.

வெள்ளையம்மா வந்தது என் மக ஸ்ரீவித்யா பொறந்த வருசம். பண்பொழிப் பக்கம் மாந்தோப்புக் கிணத்துல கரடிக்குட்டி விழுந்து கிடக்குன்னு ஆள் வந்துச்சு. தாய்க்கரடி மலைக்குப் போயிருச்சா, செத்துருச்சா, யாருக்கும் தெரியல. கிணத்துல இறங்க ஒருத்தனும் துணியல. இவுக இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு இறங்கிட்டாவ. குட்டி பயத்துல தோள்பட்டையக் கீறி வெச்சிருச்சு. சட்டையெல்லாம் ரத்தத்தோட வீட்டுக்கு வந்து, "ஏட்டி, ஒரு பால்புட்டி குடு"ன்னு நின்னாவ. நான் பச்ச உடம்புக்காரி. "எம்பிள்ளைக்கு வாங்குன புட்டியக் கரடிக்கு எடுத்துட்டுப் போவீங்களோ?"ன்னு ஏசினேன். எடுத்துட்டுத்தான் போனாவ.

உடம்பெல்லாம் கன்னங்கரேல்னு இருக்கும். நெஞ்சுல மட்டும் வெள்ளையா ஒரு பட்டை. அதனால வெள்ளையம்மான்னு பேரு வெச்சாவ. பாக்க வந்தவங்க எல்லாம் சிரிப்பாங்க. அவ காலையில கேப்பைக்களி திம்பா, சாயங்காலம் பழம் திம்பா. இவுக சைக்கிள் மணிச்சத்தம் கேட்டா கம்பிக்கிட்ட வந்து முதுகத் திருப்பிக் காட்டிக்கிட்டு நிப்பா, சொறிஞ்சு விடணும். என் முதுகு வலிக்குன்னு என்னைக்காவது சொன்னா, "தைலம் தேய்ச்சுக்கோ"ன்னு திரும்பிப் படுக்கத ஆளு அவளுக்கு அரைமணி நேரம் சொறிஞ்சு விடும்.

காலம் போகப் போகத் தோட்டம் தேஞ்சுபோச்சு. சிங்கம் கெழடாகிச் செத்துச்சு. கூண்டெல்லாம் சின்னது, மிருகம் திரும்பிப் படுக்க எடம் இல்லன்னு மேலிடத்துல இருந்து வந்து பாத்துட்டுப் போனாவ. அவுக சொன்னதுலயும் தப்பு இல்ல. எங்க வீட்டுக் குளிமுறிய விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். கடைசியில எல்லாத்தையும் இடிச்சுட்டுப் புதுசா கட்டப்போறதா முடிவாச்சு. பட்டாம்பூச்சித் தோட்டம், பறவை பாக்க நடைபாதை, மலையில இருந்து இறங்கி அடிபட்டு வார மிருகங்களுக்கு வைத்தியம் பாக்க ஒரு கொட்டகை. கூண்டுல வெச்சு வேடிக்க காட்டுத வேலை இனி கிடையாது. மிச்சம் இருந்தது வெள்ளையம்மா மட்டுந்தான். அவள மெட்ராஸ் பக்கம் பெரிய மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பணும்.

"அங்க மண்ணு, மரம், கூட்டாளிக் கரடி எல்லாம் இருக்கு அண்ணாச்சி. அவ இத்தன வருசமா இன்னொரு கரடியப் பாத்ததே இல்லல்லா"ன்னு டாக்டரம்மா சொன்னாவ. டாக்டரம்மா பேரு நிலோபர், கடையநல்லூர்க்காரவிய. சின்ன வயசு, ஆனா ஒரு வார்த்த பொய் வராது. எங்க வீட்டுக்காரரும், "நல்லதுதாம்மா, பிள்ள நல்லா இருக்கணும்லா"ன்னு தலையாட்டினாவ. வீட்டுக்கு வந்ததும், "அங்கன யாருட்டி அவளுக்கு முதுகு சொறிவா?"ன்னு கேட்டாவ. எம்மகளக் கட்டிக்குடுத்து அனுப்பும்போது கூட இந்த ஆளு கண்ணுல தண்ணி வரல.

வண்டி வார முந்தின நாளு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாவ. "அண்ணாச்சி, இன்னைக்கு மத்தியானத்துல இருந்து அவளுக்கு ஒண்ணும் குடுக்கக்கூடாது. நாளைக்கு ஊசி போட்டு மயக்கித்தான் ஏத்தணும். வயித்துல எதுவும் இருந்தா ஆபத்து." என்ன ஆபத்துன்னு அவுகளும் சொல்லல, இவுகளும் கேக்கல. பக்கத்துல கமிட்டிச் செயலாளர் கணேசமூர்த்தி அண்ணாச்சி வண்டிக்காரன்கூட போன்ல சத்தம் போட்டுக்கிட்டிருந்தாவ. அந்த அவயத்துல யாரு என்னத்தக் கேக்க?

அன்னைக்குச் சாயங்காலம் வெள்ளையம்மா தட்ட உருட்டி உருட்டிச் சத்தம் போட்டா. இவுக காதப் பொத்திக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாவ. சோறு போட்டா தொடல. "அவ பட்டினி கிடக்கா, நான் எப்படித் திங்க? அவளுக்காக நானும் விரதம் இருந்துட்டுப் போறேன்"னாவ. கோட்டி பிடிச்சிருக்கான்னு ஏசிட்டு நானும் சாப்பிடாமப் படுத்தேன்.

எங்க வீட்டுல விரதம்னா சோறு கிடையாது, பலகாரம் கிடையாது. ஆனா கோயில் பிரசாதம் வந்தா வேண்டாம்னு சொல்லப்படாது. சஷ்டிக்கு ஆறு நாளும் இவுக பட்டினி கிடப்பாவ, யாராவது துண்ணூறும் பஞ்சாமிர்தமும் கொண்டாந்தா ரெண்டு கையையும் நீட்டி வாங்கி வாயில போட்டுக்குவாவ. அதச் சாப்பாடுன்னு யாரு நினைப்பா? எங்கம்மா, என் மாமியா, நான், யாரும் நினைச்சதில்ல.

மறுநாள் இவுக வெள்ளன எந்திரிச்சு சைக்கிள எடுத்துக்கிட்டுப் பண்பொழி திருமலைக்கோயிலுக்குப் போயிட்டாவ. மலையேறிக் கும்பிட்டு, "எம்பிள்ள நல்லபடியா போய்ச் சேரணும் முருகா"ன்னு வேண்டிக்கிட்டு, அப்படியே தோட்டத்துக்கு வந்துட்டாவ. இது எனக்குத் தெரியாது. நான் போகும்போது ஊசி போடுத ஆயத்தம் நடந்துக்கிட்டிருந்துச்சு.

"ஏதாவது குடுத்தீங்களா அண்ணாச்சி?"ன்னு டாக்டரம்மா எல்லார் முன்னாலயும் கேட்டாவ.

"ஒண்ணும் குடுக்கலம்மா. அவளும் பட்டினி, நானும் பட்டினி"ன்னு இவுக சொன்னாவ. அந்த மூஞ்சியில கள்ளம்னு ஒண்ணும் இல்ல. பொய் சொன்னா காது செவந்துரும், எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா ஊசியக் குழல்ல வெச்சு ஊதினாவ. ஊசி அவ தொடையில குத்திச்சு. ஒரு உறுமு உறுமிட்டு நடந்தா, பொறவு காலு பின்னிச்சு, உக்காந்துட்டா. இவுக என் பக்கத்துல வந்து நின்னு என் கையப் பிடிச்சாவ. "பயப்படாதட்டி. முருகன் பஞ்சாமிர்தம் ஒரு டப்பா ஊட்டியிருக்கேன். அவ வெறும் வயித்தோட போகல"ன்னு காதுக்குள்ள சொன்னாவ.

அந்த நிமிசம் எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. அதச் சொல்லாம இருக்க முடியாது. அப்பாடா, பிரசாதம் உள்ள இருக்குன்னுதான் எனக்கும் தோணிச்சு.

அப்புறந்தான் அவ படுத்த வாக்குல வாந்தி எடுத்தா. டாக்டரம்மா ஓடிப்போய்க் கதவத் திறந்து தலையத் தாழ்த்திப் பிடிச்சாவ, நாக்க இழுத்து விட்டாவ, வாய்க்குள்ள கைய விட்டு வழிச்சாவ, மயக்கந் தெளிய வேற ஊசி போட்டாவ. ஏலக்காயும் வாழப்பழமும் வெல்லமுமா வாசன அடிச்சது. டாக்டரம்மா கைய மோந்து பாத்துட்டு அப்படியே நிமுந்தாவ. இவுக அதுக்கு முன்னாலயே வண்டிக்குத் தார்ப்பாய் கட்டப் போயிருந்தாவ, வாந்தி எடுத்ததப் பாக்கல. "இத யாருக்கா குடுத்தது?"ன்னு என்னத்தான் கேட்டாவ. பைய விஷயத்தச் சொன்னேன்.

வெள்ளையம்மா முழுசா தெளியல. மூச்சு விடும்போது தண்ணிக்குள்ள இருந்து விடுத மாதிரி ஒரு சத்தம். வாந்தி நெஞ்சுக்குள்ள போயிருச்சு, நுரையீரல் தாங்காதுன்னு டாக்டரம்மா எங்கிட்ட மட்டும் சொன்னாவ. மறுநாள் மத்தியானம் போயிட்டா. வண்டி சும்மா திரும்பிப் போச்சு.

அவ தலைமாட்டுல இவுக உக்காந்திருந்த இருப்பு இருக்கே, அத நான் பாத்திருக்கக்கூடாது. டாக்டரம்மா எதயோ சொல்ல வாயத் திறந்தாவ. நான் அவுகள மரத்துப் பக்கம் இழுத்துட்டுப் போய், "உங்க காலுல விழுதேன் தாயி. அவியட்ட மட்டும் சொல்லிராதீங்க"ன்னு கெஞ்சினேன். அவுக திரும்பி வந்து, "வயசாயிருச்சு அண்ணாச்சி. நெஞ்சு தாங்கல"ன்னாவ. பொய் சொல்லி முடிச்சுட்டுக் காருக்குள்ள போய் உக்காந்து அழுதாவ. மேலிடத்துல எப்படி நடந்துச்சுன்னு உள்ளபடி சொல்லியிருக்காவ, யாரு கையால நடந்துச்சுன்னு மட்டும் வாயத் திறக்கல.

இவுக எப்படியோ தேறிட்டாவ. எதப் பிடிச்சுத் தேறினாவங்கிறீங்க? "கடைசியா ஒரு வாய் ஊட்டிட்டேன். பிள்ள வெறும் வயித்தோட போகல." டீக்கடையில சொல்லுவாவ, கல்யாண வீட்டுல சொல்லுவாவ, மக போன் பண்ணா சொல்லுவாவ. அத ஒவ்வொரு தடவ கேக்கும்போதும் யாராவது ஒரு கூறுகெட்டவன் விவரம் தெரிஞ்சவன் மாதிரி, "ஊசி போடுத அன்னைக்குத் தீனி குடுக்கலாமா?"ன்னு கேட்டுருவானோன்னு சுத்தி நிக்கவன் மூஞ்சியெல்லாம் பாப்பேன். பேச்ச மாத்துவேன். பாத்திரத்தத் தூக்கிக் கீழ போடுவேன். இந்த ஒரு வருசத்துல எங்க வீட்டுல எத்தனயோ எவர்சில்வர் டம்ளர் நசுங்கியிருக்கு, இவுகளுக்குக் காரணம் தெரியாது.

இப்ப தோட்டம் கட்டி முடிச்சாச்சு. இவுகளப் புதுக் கொட்டகைக்கு ஆளாப் போட்டிருக்காவ. திங்கக்கிழமை வகுப்புன்னா இவுகதான் முதல் ஆளு. அதோட கணேசமூர்த்தி அண்ணாச்சி வேற, "ஈஸ்வரா, நம்ம தோட்டத்துலயே பழைய ஆளு நீதான், அன்னைக்கு உனக்குப் பொன்னாடை போடுதோம்"னு சொல்லிட்டாவ. இவுக வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டுக் கதவுல மாட்டி வெச்சிருக்காவ.

நான் என்னவெல்லாம் பண்ணிப் பாத்தேன். "இலத்தூர்ல உங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம், போய்ப் பாத்துட்டு வாங்க"ன்னேன். உடனே போனப் போட்டுட்டாவ. அக்கா நல்லா கணீர்னு, "எனக்கென்னல, கல்லு மாதிரி இருக்கேன்"னுச்சு. திங்கக்கிழமை காலையில எனக்குக் காச்சல்னு போத்திக்கிட்டுப் படுத்தேன். நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, சுக்குக் கசாயம் போட்டுத் தந்துட்டு, "நீ படு, நான் வெரசா வந்துருதேன்"னு சட்டைய மாட்டிட்டுக் கிளம்பிட்டாவ. கிளம்பும்போது எனக்கு இட்லி வேற எடுத்து மூடி வெச்சிருந்தாவ. நல்ல மனுசனக் கட்டுனா இதுதான் தொல்ல, சண்டை போட்டு நிறுத்தக் கூட வழி கிடையாது. நான் சேலைய மாத்திக்கிட்டு ஆட்டோவுல பின்னாலயே ஓடினேன்.

பழைய சிங்கக்கூண்டு இருந்த எடத்துலதான் இப்ப கூட்டம் நடத்த ஹாலு. பண்பொழி, இலத்தூர், மேலகரம்னு சுத்துவட்டாரத்து ஆளுக. பாதிப்பேரு தோப்பு வெச்சிருக்கவன், தோப்புக்குள்ள கரடி இறங்கினா முதல்ல போய் நிக்கவன். பொன்னாடை போட்டு இவுகள முன்வரிசையில உக்காத்தியிருந்தாவ. டாக்டரம்மா இவுகளப் பாத்துட்டு என்னத் தேடினாவ. நான் கடைசி வரிசையில நின்னு தலைய மட்டும் ஆட்டினேன், வேண்டாம்னு.

டாக்டரம்மா பாவம், சுத்திச் சுத்திப் பேசினாவ. வலைய எப்படிப் பிடிக்கணும், எவ்வளவு தள்ளி நிக்கணும், டார்ச்ச எங்கன அடிக்கணும். கடைசியில, "ஊசி போடுததுக்கு முன்னால தீனி குடுக்கக்கூடாது. சரி, அடுத்தது"ன்னு ஒரே ஓட்டமா அதத் தாண்டிட்டாவ. எனக்கு மூச்சு வந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம், அப்புறம் காப்பி, அப்புறம் வீடுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் பண்பொழிக்காரரு ஒருத்தர் எந்திரிச்சாரு. சுடலையாண்டின்னு பேரு, பலாத்தோப்பு வெச்சிருக்கவரு. "ஏன்மா குடுக்கக்கூடாது? பசியோட கிடக்க சீவனுக்கு ரெண்டு வாழப்பழம் குடுத்தா என்ன கேடு? என் தோப்புல சிக்குனா நான் குடுப்பேனே. பாக்கப் பாவமா இருக்கும்லா?"

ஹாலே அவர் சொன்னதுக்குத் தலையாட்டிச்சு. சரிதானேன்னு நாலு பேரு முணுமுணுத்தாவ. டாக்டரம்மா என்னப் பாத்தாவ. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவுக சுடலையாண்டி மூஞ்சியப் பாத்தாவ, பக்கத்துல தலையாட்டிக்கிட்டிருந்தவங்களப் பாத்தாவ. அடுத்த கரடிக்கு வாழப்பழம் குடுக்கப் போறவங்க இவங்கதான்னு எனக்கும் புரியத்தான் செஞ்சது. இருந்தாலும் கும்பிட்ட கைய நான் இறக்கல.

"ஏன்னா, மயங்கினதும் வயித்துல இருக்கது மேல வரும்"னு டாக்டரம்மா பேச ஆரம்பிச்சாவ. "முழிச்சிருந்தா துப்பிரும். மயக்கத்துல துப்பத் தெரியாது. அது மூச்சுக் குழாய் வழியா நுரையீரலுக்குள்ள போயிரும். அதுக்கப்புறம் நாம என்ன செஞ்சாலும் காப்பாத்த முடியாது. ஒரு நாள், ரெண்டு நாள் மூச்சுக்குத் திணறிச் செத்துரும். அத நான் முதல்லயே விளக்கிச் சொல்லாம விட்டதால ஒரு உசுரு போயிருக்கு. அதனாலதான் இன்னைக்குச் சொல்லுதேன்."

எங்க வீட்டுக்காரர் ஆரம்பத்துல தலையாட்டிக்கிட்டுத்தான் கேட்டாவ. பொறவு தலையாட்டுதது நின்னுச்சு. எனக்கு அவிய முதுகு மட்டுந்தான் தெரியுது. பொன்னாடை ஒரு தோளுல இருந்து சரிஞ்சு விழுந்துச்சு, அத எடுத்துப் போடல. நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சாவ.

"டாக்டரம்மா, பிரசாதமுமா?"

நான் பின்னால இருந்து, "பிரசாதம் சேத்தி இல்ல, நீங்க உக்காருங்க"ன்னு கத்திட்டேன். என் குரலு எனக்கே அசிங்கமாக் கேட்டுச்சு. இவுக திரும்பி என்னப் பாத்தாவ. இத்தன வருசம் கூட இருந்த ஆளு, என் மூஞ்சியப் பாத்தா தெரியாதா? அங்கனயே எல்லாம் தெரிஞ்சுபோச்சு.

"பிரசாதமும்தான் அண்ணாச்சி"ன்னு டாக்டரம்மா சொன்னாவ. அவுக கண்ணுல இருந்து தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

இவுக விழுந்துருவாவன்னு நான் ஆளுகளத் தள்ளிக்கிட்டு முன்னால ஓடினேன். விழல. சுடலையாண்டியப் பாத்துத் திரும்பி நின்னு, "அண்ணாச்சி, கேட்டுக்கோங்க. எல்லாரும் கேட்டுக்கோங்க. முருகன் பஞ்சாமிர்தமா இருந்தாலும் குடுக்காதீங்க. நான் ஒரு டப்பா குடுத்தேன். எம்பிள்ள செத்துப்போச்சு"ன்னு சொன்னாவ. சொல்லிட்டுத்தான் உக்காந்தாவ.

நான் பக்கத்துல தரையில உக்காந்து அவிய கையப் பிடிச்சேன். "உனக்கு எப்ப இருந்துட்டி தெரியும்?"ன்னு இவுக கேட்டாவ.

"அன்னைக்கே தெரியும்."

ஏசுவாவன்னு நினைச்சேன். பொய்க்காரின்னு சொல்லட்டும், கைய உதறட்டும், எல்லாத்துக்கும் தயாராத்தான் இருந்தேன்.

"நான் ஊரெல்லாம் அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. பக்கத்துல நின்னு நீ எப்படிட்டி கேட்டுக்கிட்டிருந்த?"ன்னு கேட்டுட்டு, என் தலையில கைய வெச்சாவ. வெள்ளையம்மா செத்த அன்னைக்குக் கூட அழாத நான், அத்தன பேரு முன்னால அவிய மடியில முகத்த வெச்சு அழுதேன்.